முழுவரவுப் பரிசு இனி இல்லை: காய்ச்சல் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். மாரி தொடங்கிவிட்டது. போன கிழமை தரம் 3 பிள்ளை ஒருவர் காலைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் அப்படியே குந்திவிட்டார், கிட்டப்போய்த் தொட்டால் நெருப்பாய்ச் சுடுகிறது. கேட்டால், "காலையில அம்மா பனடோல் தந்தவ சேர்" என்கிறார். அந்த அம்மாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஒரு நாளும் தவறாமல் வருகிற பிள்ளையை வருடாவருடம் மேடையில் ஏற்றிப் பரிசு கொடுக்கிற ஆள் நான்தான். சரி, அந்த முழுவரவுப் பரிசை இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டேன்.

பனடோல் சூட்டை இறக்குமே தவிர டெங்குவை ஒன்றும் செய்யாது. 2017ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுக்க 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்த வருடம் அது, நமது மாவட்டத்தில் கிண்ணியாப் பக்கம் பாடசாலைகளையே சில நாள் மூட வேண்டிவந்தது. "இவனுக்குப் போன முறை வந்தது, இனி வராது" என்று சில தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். டெங்குவில் 4 வகை இருக்கிறது. ஒன்று வந்து போனால் அந்த ஒன்றுக்குத்தான் நீண்டகாலக் காவல், இரண்டாம் முறை வேறு வகை பிடித்தால் முதல் தடவையைவிடக் கடுமையாகவும் போகலாம்.

என் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மகனுக்கு 4 நாள் காய்ச்சல். நாலாம் நாள் பின்னேரம் உடம்பு குளிர்ந்துவிட்டது, விட்டது சனி என்று இடியப்பமும் சொதியும் கொடுத்துப் படுக்கவைத்தோம். இரவு 10 மணிக்கு வயிற்றுக்குத்து, வாந்தி, கைகால் ஐஸ் மாதிரி, யோசித்துப் பார்த்தால் மத்தியானத்துக்குப் பிறகு அவன் சலமே போகவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குமாம், அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்தான நேரமாம். படித்த மனிசன், அதிபர், எனக்கு அது அன்றுதான் தெரியும். மகன் தப்பினான்.

அதனால் சொல்கிறேன், காய்ச்சல் விட்ட அடுத்த நாளே பிள்ளையை அனுப்ப வேண்டாம். 2 நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள்: சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறாரா, வயிறு நோகிறதா, வாந்தி நிற்கவில்லையா, மூக்கிலோ பல் முரசிலோ இரத்தமா, 6 மணித்தியாலமாகச் சலம் போகவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் இரத்தம் சோதிக்கக் கொண்டுபோங்கள், அதுவரை பனடோல் மட்டும், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. கடையில் கேட்டு வாங்குகிற இபுபுரூபன், டிக்ளோபினக், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். வெறும் தண்ணீரை மட்டும் பருக்காமல் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்) கொடுங்கள், சிவப்பு, மண்ணிறக் குடிபானங்களைத் தவிருங்கள், வாந்தியில் வருவது இரத்தமா நிறமா என்று பிறகு தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாறு பற்றிச் சண்டைபிடிக்க நான் வரவில்லை, ஆனால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் டெங்குவைப் பரப்புகிற நுளம்பு. இது வயலிலும் சாக்கடையிலும் வளர்கிற நுளம்பு அல்ல, வீட்டு வாசலில் சுத்தமான தண்ணீரில் வளர்கிறது, கடிப்பதும் பகலில்தான், காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. பாத்ரூம் தொட்டி, சிரட்டை, கூரைப் பீலி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்னத் தட்டு. தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உங்களுக்கு உபதேசம் செய்ய முன் பாடசாலையைச் சுற்றி வந்தேன். என் அலுவலக வாசல் பூச்சாடித் தட்டில்தான் முதல் கூத்தாடி, அதுதான் நுளம்புப் புழு!

தம்பலகாமம் பக்கம் வயலுக்கு இறங்குகிற அப்பாமார் எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பு மாத்திரை பற்றி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு ரீச்சருக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னால் போதும், லீவுக் கடிதம் பிறகு தரலாம். தவறிய பாடத்தை அவர் திரும்பச் சொல்லிக் கொடுப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை