ஞாயிறு பாடசாலைப் பெற்றோர் கவனத்துக்கு (திருகோணமலை)

அன்பான பெற்றோரே, உப்புவெளிப் பக்கம் ஆண்டு 8 பிள்ளைகளிடையே ஒரு புத்தகம் கைமாறுகிறது. என் மகளின் பையிலும் இருந்தது. அட்டையில் தேவதூதன், ஜெபப் புத்தகம் என்றே நினைத்தேன். உள்ளே பார்த்தால், கண்ணை மூடி 'வழிகாட்டும் ஆவியை' அழைத்து அதன் பெயரைக் கேட்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்தில் பென்சிலால் நட்சத்திரம் கீறி வைத்திருக்கிறாள்!

வேதாகமத்தில் உபாகமம் 18:10-11 விலக்கச் சொல்வது இப்படி ஆவிகளை நாடுவதைத்தான். பேய்க்கதைக்கெல்லாம் பதற வேண்டாம், நாமும் அதை வாசித்து வளர்ந்தவர்கள்தானே. இது கதையல்ல, செய்துபார் என்கிறது. அதற்காகப் பறித்து எரிக்கவும் வேண்டாம். எபேசு பட்டணத்தில் மந்திரப் புத்தகங்களை எரித்தவர்கள் (அப்போஸ்தலர் 19:19) தங்கள் சொந்தப் புத்தகங்களைத்தான் எரித்தார்கள்.

முதலில் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். அப்புறம், ஞாயிறு ஆராதனை முடிய அதை வகுப்பறைக்குக் கொண்டு வாங்கோ, கதைப்போம்.