கெண்டோ குளிர்காலப் பயிற்சி: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் கெண்டோ (ஜப்பானிய வாள்வீச்சு) கற்கும் நம் பிள்ளைகளுக்கு 'கங்கெய்கோ' எனும் குளிர்காலப் பயிற்சி ஜனவரி 17, 18 (சனி, ஞாயிறு) காலை 6.30 மணிக்கு. இடம் வழக்கமான டோஜோதான் (பயிற்சிக்கூடம்).

1. 6.15க்குள் வந்துவிடுங்கள். தரையைத் துடைப்பது பிள்ளைகள் வேலை. நாம் துணியைப் பிடுங்க வேண்டாம்.

2. வெறுங்கால்தான். திரும்பும்போது போட்டுக்கொள்ளக் கம்பளி சாக்ஸ் கொண்டுவாருங்கள்.

3. முந்தின இரவே ஷினாயை (மூங்கில் வாள்) பாருங்கள். நான்கு மூங்கில் பட்டைகளையும் பழைய துணியால் நீவினால், சிம்பு இருந்தால் துணி மாட்டும். மாட்டினால் அந்த ஷினாய் வேண்டாம். முகக்கவசக் கம்பி வழியாகச் சிம்பு புகுந்தால் கண்ணுக்கே ஆபத்து. போன மாதம் என் மகனுடையதில் இரண்டு இடத்தில் மாட்டியது. "நேத்துதான் பார்த்தேன்" என்றான்!

4. கீழே இருக்கும் ஷினாயைத் தாண்டக் கூடாது.

5. ஓரத்தில் நின்று "அடிடா" என்று கத்த வேண்டாம். போட்டியில் புள்ளி எடுத்தவர் கையை உயர்த்திக் கொண்டாடினால் அந்தப் புள்ளியே ரத்தாகும் விளையாட்டு இது.

அப்புறம், "ஆறு மாதமாக வெறும் சுபுரிதானா (வாளை வீசிப் பழகுவது), கவசம் எப்போது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சென்செய் (ஆசிரியர்) சொல்லும்போதுதான். கெண்டோவில் முதல் டானிலிருந்து (தகுதிநிலை) இரண்டாவதுக்கே குறைந்தது 1 வருடம். ஏழிலிருந்து எட்டாவதுக்கு 10 வருடம், வயதும் 46 ஆகியிருக்க வேண்டும். நமக்குத்தான் அவசரம்.

புதன் இரவு 9 மணிக்குள் பிள்ளையின் பெயரும் வரும் நாளும் எழுதுங்கள். கட்டைவிரல் குறி மட்டும் போட்டால் கணக்கில் சேராது.