சாவியை நூலகரிடம் கொடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்துக் கண்ணாடி பீரோ விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, மத நூல்களையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னீர்கள், சாவியும் உங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. மூன்று மாதம் ஆகிறது. இரண்டு மனு கொடுத்தும் பதில் இல்லாததால் இப்படி எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஞாயிறு காலையில் நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் வேதத்தை விட்டுவிட்டு அடுத்தவர் வேதத்தை வாசித்தோம். பூட்டிய பிறகும் விடவில்லை. போன வாரம் என் வீட்டுத் திருவாசகத்தைக் கொண்டுபோனேன். பாய் சிவபுராணம் வாசித்தார். ‘இமைப்பொழுதும் என் நெஞ்சில் நீங்காதான் தாள் வாழ்க’ வந்ததும் நிறுத்திவிட்டார். “சார், பிடரி நரம்பைவிடப் பக்கத்துல இருக்கேன்னு எங்க குர்ஆன்லயும் அல்லாஹ் சொல்றான். அம்பதாவது அத்தியாயம். தமிழ்லயே காட்டறேன், வாங்க” என்று எழுந்து போனார். பீரோ முன்னால் போய் நின்ற பிறகுதான் பூட்டு ஞாபகம் வந்தது. கண்ணாடியில் விரலை வைத்து, “அதோ, அந்தப் பச்சை அட்டை” என்றார். அப்புறம் இருவரும் பேசாமல் வந்து உட்கார்ந்தோம்.

நூலகர் நல்ல மனிதர். “எதுக்கு சார் வம்பு, செல்போன்ல பாத்துக்கோங்களேன்” என்றார். பார்த்தேன். முதலில் வந்தது அந்த வேதத்தைத் திட்டும் வீடியோ. அடுத்தது, திட்டியவரின் வேதத்தைத் திட்டும் வீடியோ. இதற்குப் பூட்டு கிடையாது போலிருக்கிறது.

நபிகளைப் பாடும் சீறாப்புராணமும் சூசையப்பரைப் பாடும் தேம்பாவணியும்கூட அதே பீரோவில்தான். கருணையன் தாயை அடக்கம் செய்துவிட்டு அழும் தேம்பாவணிப் பாட்டைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மொத்தம் 3615 பாட்டு. நாலு பாட்டைப் படி என்று கொடுப்பதும் மிச்சத்தைப் பூட்டி வைப்பதும் ஒரே பள்ளிக்கல்வித் துறை.

‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’ என்று 1931-இல் நூலக அறிவியலுக்கு முதல் விதி எழுதிய சீர்காழி ரங்கநாதன் படம் உங்கள் அறையிலேயே மாட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கதையைச் சொல்லித்தான் அவர் அந்த விதியை விளக்கினார். நமக்குச் சங்கிலிச் செலவு மிச்சம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மின்விசிறி ஓடி ஒரு வருஷமாகிறது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பீரோவுக்கு மட்டும் ஒரே நாளில் பூட்டு வந்துவிட்டது.

சரி, அதை விடுங்கள். கேட்க வந்தது மின்விசிறி இல்லை, சாவி. அதை நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். முன்போல உறுப்பினர் அட்டைக்குப் புத்தகம் கொடுக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் ஒரு ஞாயிறு காலை நீங்களே வந்து எங்களோடு உட்காருங்கள், ஒரு பக்கம் நீங்களும் வாசிக்கலாம்.

கடையில் போய் ஒரு தமிழ்க் குர்ஆன் வாங்க எனக்குத் தெரியாமலில்லை. பாய் காட்டுகிறேன் என்று சொன்னார், அவரே காட்டட்டும் என்று காத்திருக்கிறேன். தயவுசெய்து சாவியை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்