போன எடும்மா

அம்மாடி,

மெசேஜ்ல ரெண்டு நீல டிக் விழுது, பதில் மட்டும் வரமாட்டேங்குது. சாப்புடுறியா? பால் கொடுக்கிற உடம்பு, நேரத்துக்கு சாப்புடு. இங்க பினாங்குல ஒரே மழை, உங்கம்மா வச்ச அந்திமந்தாரை முழுக்க சாஞ்சு கெடக்கு.

பிள்ளைக்கு முப்பது கும்புட கோலாலம்பூர் வந்தப்ப அடுப்படியில சம்பந்தியம்மா, அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் இல்லாத ரத்த வகை பிள்ளைக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டத நான் காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன். பிள்ளையோட புக்குல பி-ன்னு போட்டிருக்கறத நானும் பாத்தேன். மாப்பிள்ளைக்கு ஓ, உனக்கு ஏபி, அப்படின்னா பிள்ளைக்கு ஏ இல்லாட்டி பி தாம்மா வரும். உன்கிட்ட இருக்கற ரெண்டுல ஒண்ணுதான் பிள்ளைக்கு போவும், மாப்பிள்ளைகிட்டேருந்து ஓ மட்டும்தான். ஏ ஜீன் சிவப்பணு மேல ஒரு சர்க்கரைய ஒட்டும், பி வேற சர்க்கரைய, ஓ எதையும் ஒட்டாது, அதனால பி-யும் ஓ-வும் சேந்தா வெளிய தெரியறது பி மட்டும்தான். உனக்கு ரெண்டுமே ஒட்டியிருக்கு. அந்திமந்தாரைல சிவப்பையும் வெள்ளையையும் சேத்தா ரோஸ் வருதே, அது கலந்து போறது, இது கலக்காம ரெண்டும் தனித்தனியா நிக்கும், அதுக்கு பேருதான் கோடாமினன்ஸ். 1901லயே வியன்னாவுல லேண்ட்ஸ்டைனர் இந்த ரத்த வகைய கண்டுபுடிச்சு 1930ல நோபல் பரிசும் வாங்கிட்டாரு, நம்ம ஆளுங்களுக்குத்தான் இன்னும் எட்டல.

ஃபார்ம் ஃபைவ் பயாலஜில ஏ வாங்கினவ நீ, உனக்கு போயி நான் சொல்றேன் பாரு. தெரிஞ்சும் ஏன் வாய மூடிக்கிட்டு நின்ன?

கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. எனக்கு ஏ, உங்கம்மாவுக்கு பி. நீ பொறந்தப்ப கார்டுல ஏபி-ன்னு பாத்துட்டு, இது யாரு ரத்தம்னு கேட்டேன்மா, பச்ச உடம்புக்காரிகிட்ட. ரெண்டு வாரம் பேசல. அவளே தண்ணி சுட வச்சு, அவளே தூக்கிட்டு போயி குளிச்சா, நான் வாசல்ல மோட்டார தொடச்சுக்கிட்டு நின்னேன். அஞ்சு வருசம் கழிச்சு ரத்தம் கொடுக்க போன எடத்துல ஒரு நர்ஸ் மிஸ்ஸி ஃபார்முக்கு பின்னாடி கட்டம் போட்டு காட்டினப்பதான் புரிஞ்சுது. அத மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன், ரசம் வச்சிருந்தா, சாப்புட்டு படுத்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட சொல்லல.

பக்கத்துலதான் உக்காந்து உனக்கு அனுப்ப பூண்டு உரிக்கிறா. அப்படி என்ன எழுதுறீங்கன்னு கேட்டா, கரண்டு பில் கணக்குன்னு சொல்லியிருக்கேன்.

நேரத்துக்கு சாப்புடு. போன எடு.

அப்பா