வகுப்பறையில் ஒட்டிய தேங்காய் நார்

மாப்ள,

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா? இங்கே பொள்ளாச்சியில் ஆடிக்காற்று கணவாய் வழியாகப் புகுந்து தகரத்தைக் கூட விட்டுவைக்கவில்லை.

போனில் சொன்னேனே, ஒரு பள்ளிக்கூடத்து உள்வேலை, போன வாரம் ஒப்படைத்துவிட்டேன். தாளாளர் கேட்டதெல்லாம் சுவர் முழுக்கக் கார்ட்டூன், அப்புறம் ஏசி. நான் பேசாமல் போய் அஞ்சாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். வாத்தியார் தொண்டை கிழியக் கத்துகிறார், சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. டைல்ஸ் தரை, வழுவழுவென்று பூசிய சுவர், கான்கிரீட் கூரை, ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் வந்து விழுகிறது. செல்போன் செயலியில் அளந்தால் முழக்கம், அதாவது ஒரு சத்தம் அடங்க ஆகும் நேரம், 1.4 வினாடி. வகுப்பறைக்கு 0.6 தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை சாயங்காலம் தலைவலி என்று வந்தால் நாம் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம்! நாம் படித்த ஓட்டுக் கட்டடத்தில் பாதிச் சத்தம் ஓட்டுச் சந்து வழியே வெளியே போய்விடும், என்ன, அணில் உள்ளே வரும்.

நாருக்கா நம்மூரில் பஞ்சம்? நாரை அழுத்திச் செய்த, சத்தத்தை உறிஞ்சுகிற பலகையைக் கூரையின் அடியிலும் பின்சுவரிலும் அடிக்கலாம் என்றேன். "கயிறு திரிக்கிற ஊர்ல கயித்தையே பள்ளிக்கூடத்துல ஒட்டறதுங்களா?" என்றார் தாளாளர். அதைவிட, 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனதற்கப்புறம் இந்த மாதிரிப் பொருளுக்குப் பயப்படத்தான் வேண்டும். அதனால் தீப்பிடிக்காத மருந்தில் ஊறவைத்த பலகையாகப் பார்த்து வாங்கி, ஒரு துண்டை அவர் முன்னாலேயே கொளுத்திக் காட்டினேன். கருகியது, எரியவில்லை. அப்புறம்தான் சரி என்றார்.

கார்ட்டூனுக்கு ஒரே ஒரு சுவர். சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-ல் எழுதியதும் இதைத்தான்: சுவர் வெறிச்சென்று கிடந்தாலும் கெடுதல், கண்ணைப் பறித்தாலும் கெடுதல். காற்றுக்குப் பயந்து அடைத்தே கிடந்த மேற்கு ஜன்னலில் மேல்பாதியை மட்டும் திறக்கிற மாதிரி மாற்றினேன். ஏசி வேண்டியிருக்கவில்லை.

இப்போது அளந்தால் 0.7. "சாருக்கு இப்பெல்லாம் கோபமே வர்றதில்லீங்க" என்றான் ஒரு பையன். அவர் கத்துவதை நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை உன் வகுப்பில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை கை தட்டிப் பார்த்துவிட்டு எழுது. நாலு பலகை மீதி இருக்கிறது, பஸ்ஸில் போட்டு விடுகிறேன்.