மதகை மூடவும் விடுங்கள்: பிரெத்தானியின் நீராலைகளுக்காக ஒரு திறந்த மடல்

பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெத்தானியின் ஆறுகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆலைகளின் தடுப்பணை மதகுகளை ஆண்டு முழுவதும் திறந்தே வைக்கச் சொல்லும் உங்கள் உத்தரவு கிடைத்தது. சால்மன் மீன் ஆற்றில் ஏற வேண்டும், விலாங்கு கடலுக்கு இறங்க வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆற்றின் சராசரி ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது ஆற்றிலேயே ஓட வேண்டும் என்ற விதிக்கும் கட்டுப்படுகிறோம். கேட்பது ஒன்றுதான்: மதகை மூடவும் விடுங்கள்.

மதகு திறந்தே கிடந்தால், ஆலைச் சக்கரத்துக்கு நீர் கொண்டுவரும் தலைக்கால்வாய் வற்றும். முதல் அடி சக்கரத்துக்கு. ஓக் மரம் ஓயாமல் நனைந்தால் நெடுங்காலம் உழைக்கும்; நனைவதும் காய்வதுமாக இருந்தால் மக்கிவிடும். நின்றுபோன சக்கரத்தின் மேல்பாதி காய்ந்து லேசாகும். மழையும் கசிவும் தங்கிக் கீழ்ப்பாதி கனக்கும். பலகைகள் சுருங்கி இடைவெளி விட, சக்கரத்தில் நீரை ஏந்தும் தொட்டிகள் ஒழுகும். மறுபடி நீர் விட்டால் கனத்த பக்கம் இறங்கும்போது சக்கரம் பாயும், ஏறும்போது திணறும். அந்த உதை முழுவதும் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் விழும். ஹார்ன்பீம் போன்ற கெட்டி மரத்தில் ஒவ்வொன்றாகச் செதுக்கிப் பொருத்திய பற்கள் அவை. ஒன்று முறிந்தால் சுமை பக்கத்துப் பல்லுக்குப் போகும். வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பி, மேலிருந்து மெல்லிய ஒழுக்கு விட்டால் இதைத் தடுக்கலாம். அந்த ஒழுக்குக்கும் கால்வாயில் நீர் வேண்டுமே!

கால்வாய்க்கும் இதே கதிதான். காய்ந்த களிமண் கரை வெடிக்கும், வெடிப்பில் வேர் இறங்கும். பிறகு விடும் நீர் சக்கரத்துக்கு வராமல் பக்கத்து வயலுக்குப் போகும். ஈரத்தில் புதைந்த மரக்குற்றிகள் மேல் சுவர் எழுப்பிய இடங்களில், குற்றிக்குக் காற்றுப் பட்டதும் அழுகல் தொடங்கும். கிரானைட் சுவரின் விரிசல் பிறகுதான் கண்ணில் படும்.

நீர் விழும் உயரம் சக்கரத்தின் விட்டத்தைத் தீர்மானித்தது. அதை ஒட்டிப் பல்சக்கரத்தின் அளவு, அதன் மேல் எந்திரக்கல் நிற்கும் தளம், அதற்கும் மேலே தானியம் வைக்கும் பரண், ஸ்லேட் கூரை. கறுப்புக் கோதுமை எனப்படும் பக்வீட் அரைத்த இந்தக் கட்டடங்களின் கணக்கு தடுப்பணையில்தான் தொடங்குகிறது.

பிரான்சின் 2021 ஆகஸ்ட் 22 சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. மீன்கள் கடப்பதற்காக நீராலை அணைகளில் பராமரிப்பு, இயக்கம், கருவி பொருத்துதல் ஆகியவை மட்டுமே செய்யலாம், இடிக்கச் சொல்லக் கூடாது என்றது அது. நீங்கள் இடிக்கவில்லை, உண்மைதான். திறந்து வைக்கத்தானே சொன்னீர்கள்! ஆனால் 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய ஆலைகளின் பழைய நீருரிமை, முக்கிய அமைப்புகள் பாழடைந்தால் பறிபோகும். சும்மா கிடப்பதால் போகாத உரிமை, பாழாவதால் போய்விடும். பாழாக்குவது யார் என்று கேட்கலாமா?

செப்டம்பரில், பழைய கட்டடங்களை மக்கள் பார்க்கத் திறந்துவிடும் பாரம்பரிய நாட்கள் வரும். கொம்மனா ஊரின் கெரூவா ஆலைகளைப் பார்க்க மக்கள் போவார்கள். சுற்றுலா மடிப்பிதழில் நீர் தெறிக்கும் சக்கரத்தின் படம் இருக்கும். ஒரு மேசையில் படம் அச்சாகிறது, அடுத்த மேசையில் நீர் நிற்கிறது. இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு தேநீர் இடைவேளை கூடவா இல்லை?

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான். இலையுதிர்கால வெள்ளத்தில் சால்மன் ஏறும்போதும், விலாங்கு கடலுக்கு இறங்கும் இரவுகளிலும் மதகை முழுவதும் திறக்கிறோம். வசந்தத்தில் ஏறிவரும் விலாங்குக் குஞ்சுகளுக்குத் தூரிகை பதித்த சரிவுப் பாதை வைக்கிறோம். மற்ற நாட்களில், ஆற்றின் பங்கு போக மிஞ்சுவதைக் கால்வாய்க்குத் தாருங்கள். தயவுசெய்து, மதகை மூடவும் விடுங்கள்.

இப்படிக்கு,
நீராலைகளைப் பராமரிப்பவர்கள்