கும்பினிக் கொடிக்குக் கீழே ஆண்டை எழுதுங்கள்

மரபுடைமைக் கண்காட்சிகளுக்கும் பள்ளிப் பயிற்சித்தாள்களுக்கும் படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

கடல் வணிகத்தைப் பற்றி நீங்கள் அமைத்திருக்கும் காட்சிக்கூடத்தில், கிழக்கிந்தியக் கும்பினி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் கொடியும் பிற நாட்டுக் கொடிகளும் காலமும் இடமும் தவறித் தொங்குகின்றன. இதற்கு முன்பும் எழுதியிருக்கிறோம். 'கவனத்தில் கொள்கிறோம்' என்று பதில் வந்தது. ஜூன் விடுமுறை முடிந்தும் கொடிகள் அதே இடத்தில் தொங்குகின்றன. போதாததற்கு, அதே படங்கள் இப்போது தொடக்கநிலை மாணவர்களின் பயிற்சித்தாளிலும் ஏறிவிட்டன. ஆகவே இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு கொடிக்கும் கீழே அது எந்த ஆண்டில், எந்த இடத்தில் பறந்தது என்று எழுதுங்கள். அப்படி எழுத முடியாத கொடியை இறக்கிவிடுங்கள்.

'கிழக்கிந்தியக் கும்பினியின் கொடி' என்று ஒரே கொடி இருந்ததில்லை. சிவப்பும் வெள்ளையுமான கிடைப்பட்டைகளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். காலத்தைச் சொல்வது பட்டைகள் அல்ல, கம்பத்தை ஒட்டிய மேல்மூலைக் கட்டம். 1707 வரை அந்தக் கட்டத்தில் இருந்தது செயின்ட் ஜார்ஜ் சிலுவை மட்டும்: வெள்ளையில் சிவப்புக் கூட்டல்குறி. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707இல் ஒரே அரசானபோது, நீலத்தின் மேல் வெள்ளைப் பெருக்கல்குறியான செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையும் கட்டத்துக்குள் வந்தது. 1801இல் அயர்லாந்து சேர்ந்ததும், அந்த வெள்ளைப் பெருக்கல்குறிக்குள் சிவப்புப் பெருக்கல்குறி நுழைந்தது. இன்று நாம் யூனியன் ஜாக் என்று சொல்வது இந்த மூன்றாவது வடிவம்.

இப்போது உங்கள் காட்சியைப் பாருங்கள். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்த 1640ஐக் காட்டும் படத்தில், 1801க்குப் பிந்தைய கட்டம் இருக்கிறது. கோட்டைக்குப் பெயர் கொடுத்த புனிதரின் சிலுவை தனியாக நின்றிருக்க வேண்டிய இடத்தில், நூற்று அறுபது ஆண்டு கழித்து வரப்போகும் அயர்லாந்தின் சிலுவை வந்து உட்கார்ந்திருக்கிறது. கும்பினி அதிகாரி ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819 சிங்கப்பூர் படத்திலோ, 1801இல் கைவிடப்பட்ட பழைய கட்டம். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டினாலும் சரியாகாது. முதலாவதற்கு வேறு கொடியே வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். வடிவமைப்பாளர் இணையத்தில் தேடுகிறார். பதின்மூன்று பட்டை, மூலையில் பழைய யூனியன், தெளிவான கோப்பு. உடனே எடுத்துக்கொள்கிறார். அப்படிக் கிடைக்கும் கோப்புகள் பலவற்றில் இருப்பது 1775ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் குடியேற்றங்கள் தங்கள் கப்பலில் ஏற்றிய கொடி. அதற்கும் பதின்மூன்று பட்டை, அதே மூலைக்கட்டம். பார்வைக்கு 1707–1801 காலக் கும்பினிக் கொடியேதான். அமெரிக்கக் கொடியில் பதின்மூன்று என்பது குடியேற்றங்களின் கணக்கு. கும்பினிக் கொடியில் அந்த எண்ணுக்கு அப்படி ஒரு நிலைத்த பொருள் இல்லை. ஒன்பது பட்டை, பதினொரு பட்டையுடனும் ஓவியங்களில் அது காணப்படுகிறது. உங்கள் பயிற்சித்தாளில் 'பட்டைகளை எண்ணி எழுதுக' என்று கேட்டு, விடை 13 என்று முடித்துவிட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்வி, மூலையில் எத்தனை சிலுவை என்பது. அதற்கு விடை சொல்லும் பிள்ளை கொடியின் காலத்தையே சொல்லிவிடும்.

இந்தத் தவறின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் வழிகாட்ட வரும் தொண்டூழியர்கள் வேலைநாளில் விடுப்பெடுத்து வருகிறார்கள். முந்தைய இரவே ஆண்டுகளை மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாணவர்களைக் கொடிக்கு முன்னால் நிறுத்தி, "1819இல் ராஃபிள்ஸ் வந்தபோது யூனியன் ஜாக்கில் மூன்று சிலுவைகள் இருந்தன" என்று சரியாகவே சொல்கிறார்கள். உடனே ஒரு பிள்ளை கை தூக்குகிறது: "டீச்சர், இதுல ரெண்டுதானே இருக்கு?" அந்தப் பிள்ளை நன்றாகத்தான் கவனித்திருக்கிறது, பாராட்டத்தக்க கேள்வி. தொண்டூழியர் என்ன சொல்வார்? கொடி தவறு என்றால், கூடத்தில் உள்ள மற்றதெல்லாம் சரியா என்ற அடுத்த கேள்வி வரும். கொடி சரி என்றால், தெரிந்தே ஒரு பிள்ளைக்குப் பொய் சொன்னதாகிவிடும். பெரும்பாலானவர்கள் "ஆசிரியரிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்கு நகர்கிறார்கள். ஆசிரியரின் கையில் இருக்கும் பயிற்சித்தாளிலும் அதே கொடி. தமிழில் வரலாறு கேட்க ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நேரமே குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்தில், நன்றாகக் கவனித்த பிள்ளைக்குக் கிடைப்பது இந்த மழுப்பல். இது எங்களை வருத்துகிறது. உங்களையும் வருத்தும் என்று நம்புகிறோம்.

ஆண்டு எவ்வளவு முக்கியமோ, இடமும் அவ்வளவு முக்கியம். பட்டைக் கொடி கீழைக்கடலுக்கு உரியது. செயின்ட் ஹெலினா தீவைத் தாண்டி வரும் கும்பினிக் கப்பல்தான் அதை ஏற்றலாம். இங்கிலாந்துக் கடற்பகுதியில் அதே கப்பல் மற்ற வணிகக் கப்பல்களைப் போலச் சிவப்புக் கொடிதான் ஏற்ற வேண்டும். ஆகவே தேம்ஸ் ஆற்றில் நிற்கும் கப்பலுக்கு நீங்கள் வரைந்திருக்கும் பட்டைக் கொடி பொருந்தாது. கரையிலும் கதை வேறு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687இலேயே கும்பினிக் கொடியை இறக்கி அரசரின் யூனியன் கொடியை ஏற்றினார்கள் (கும்பினிக் கொடிக்கு 1707இல் வந்த இரு சிலுவைகளும் அரசரின் கொடியில் அதற்கு முன்பே இருந்தன). சிங்கப்பூரில் 1819 பிப்ரவரி 6ஆம் தேதி சுல்தான் ஹுசைன் ஷாவும் உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங் அப்துல் ரஹ்மானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது கரையில் ஏறியது யூனியன் ஜாக். அந்த நிகழ்வைக் காட்டும் உங்கள் படத்தில் கொடிமரத்தில் பட்டைக் கொடி பறக்கிறது. ஒரே படத்தில் இரண்டு பிழை: கரையில் வேறு கொடி, அந்த வேறு கொடியிலும் பழைய மூலை.

யூனியன் ஜாக்கைப் புதிதாக அச்சிடும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் சிவப்புக் கோடு வெள்ளைக் கோட்டின் நடுவே ஓடாது, ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். கம்பத்தோர மேல்பகுதியில் அகலமான வெள்ளை, சிவப்புக்கு மேலே வர வேண்டும். கீழே வந்தால் கொடி தலைகீழ். அச்சகத்தில் படத்தைத் திருப்பி ஒட்டும்போது இது அடிக்கடி நேர்கிறது.

1858இல் கும்பினியின் ஆட்சியை அரசே எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் சிங்கப்பூர் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய அரசின் கீழ் இருந்தது, ஆனால் கும்பினியின் கீழ் அல்ல. உங்கள் 1860களின் துறைமுகப் படத்தில் பட்டைக் கொடி எதற்கு? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் 'நீரிணைக் குடியேற்றங்கள் 1826' என்ற பலகையில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் மூன்று கிரீடம் பதித்த நீலக் கொடி எப்படி வந்தது? அது 1867க்குப் பிறகு, அரச குடியேற்றமான காலத்தில் வந்த சின்னம். அதற்கு அடியில் ஆண்டை எழுதியிருந்தால், எழுதும் கையே தயங்கியிருக்கும். இதற்காகத்தான் ஆண்டு கேட்கிறோம்.

ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கும்பினிக் கொடியிலும் இதே குழப்பம். சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளுக்கு நடுவே கறுப்பில் பெரிய வி. அதன் இடக்காலில் ஓ, வலக்காலில் சி. மேலே ஓர் எழுத்து இருந்தால் அது கிளையின் அடையாளம்: ஆம்ஸ்டர்டாமுக்கு ஏ, ஹோர்னுக்கு எச், என்று ஆறு கிளைகள். உங்கள் துணிப்பதாகை ஒன்றில் படம் இடவலம் புரண்டு, சி இடக்காலில் முதுகைக் காட்டி நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க வரலாறு தெரிய வேண்டியதில்லை, எழுத்து தெரிந்தால் போதும். அதைவிடப் பெரிய பிழை காலத்தில். இந்தக் கொடி 1641இல் மலாக்காவைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த காட்சிக்குப் பொருந்தும். ஆனால் அந்தக் கும்பினி 1799 கடைசியோடு முடிந்துபோனது. 1819இல் ராஃபிள்ஸின் வருகையை எதிர்த்த பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) நிர்வாகம் நெதர்லாந்து அரசுடையது. அதன் கொடியில் எழுத்தே கிடையாது. இருபது ஆண்டுக்கு முன் மறைந்த ஒரு நிறுவனத்தை அந்தச் சண்டையில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

உங்கள் படத்தில், 1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவுக்கு வந்த கப்பலில் பச்சையும் சிவப்புமான கொடி. அது 1910 புரட்சிக்குப் பின் போர்ச்சுகல் குடியரசு ஏற்ற கொடி. மன்னர் மனுவேலின் காலத்தில் வெள்ளைத் துணியில் அரசச் சின்னம்தான். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஆண்ட புதுச்சேரியைக் காட்டும் படத்தில் மூவண்ணக் கொடி. டூப்ளே 1754இல் ஊர் திரும்பிவிட்டார். பிரான்ஸ் அந்தக் கொடியை இன்றைய வடிவில் ஏற்றது 1794இல்.

தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்லும்போது எங்களால் அமைதியாக இருக்க முடியவில்லை. உங்கள் படத்தில் அங்குள்ள டேன்ஸ்போர்க் கோட்டைக்கு மேலே ஒல்லாந்தரின் மூவண்ணம். கீழே தமிழில் 'டச்சுக் கோட்டை'. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று அங்கே வந்தவர்கள் டென்மார்க்கினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, அங்கே பறந்தது அவர்களின் கொடி: சிவப்பில் வெள்ளைச் சிலுவை, அதன் நெடுங்கால் கம்பத்தை நோக்கி ஒதுங்கியிருக்கும். 1706இல் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க் வந்திறங்கியது அந்தக் கொடியின் கீழ். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அந்த ஊரில்தான். தமிழ் அச்சின் வரலாற்றைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பலகையிலேயே ஊரை ஆண்டவர் யார் என்பது மாறிப்போயிருக்கிறது. 'டேனிஷ்', 'டச்சு' என்ற இரு சொற்களில் மொழிபெயர்ப்பாளர் தடுமாறியிருக்கலாம். தடுமாற்றம் யாருக்கும் வரும். ஆனால் அச்சுக்குப் போகுமுன் தமிழ்ப் பகுதியை யாராவது படித்துப் பார்த்தார்களா? இந்தத் தீவில் எந்தப் பொதுப் பலகையிலும் தமிழ் கடைசியில் வருகிறது, அவசரமாக வருகிறது, எழுத்துகள் உடைந்தும் வருகிறது. நான்கில் ஒன்றாகச் சட்டம் மதிக்கும் மொழியைச் சரிபார்க்க ஓர் ஆளும் ஒரு மணி நேரமும் கிடைக்காதது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

நம்முடைய கொடியையும் இதே கண்டிப்போடுதான் பார்க்க வேண்டும். 1025ஆம் ஆண்டு கடாரப் படையெடுப்புக் காட்சியில் ராசேந்திரனின் கப்பல்களில் பாய்கிற புலி. சோழரின் செப்பேட்டு முத்திரைகளில் புலி உட்கார்ந்திருக்கிறது. எதிரே பாண்டியரின் இரு மீன்கள், மேலே குடை. பாய்கிற புலி கண்ணுக்கு அழகு. ஆனால் அந்த முத்திரைதான் அந்த அரசே விட்டுச்சென்ற சான்று. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக ஓர் அளவுகோலும், கும்பினிக்கு இன்னோர் அளவுகோலும் வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

படம் வரைபவருக்கு ஒரு சிறு குறிப்பும் சொல்ல வேண்டும். உங்கள் கப்பல்களில் பாய்கள் முன்னோக்கிப் புடைத்திருக்க, கொடிகள் பின்னோக்கிப் பறக்கின்றன. பாயைத் தள்ளும் அதே காற்றுதான் கொடியையும் தள்ளும். பின்காற்றில் ஓடும் பாய்க்கப்பலில் கொடி கப்பலின் முகப்பை நோக்கிப் பறக்கும். பின்னோக்கிப் பறப்பது இயந்திரப் படகில்.

குறை சொல்லி நிறுத்திக்கொள்ள நாங்கள் எழுதவில்லை. கூடத்தை மூட வேண்டாம். புதிய பலகைகளும் உடனே வேண்டாம். முதலில் பயிற்சித்தாளைத் திரும்பப் பெறுங்கள், ஏனெனில் அது வீட்டுக்குப் போகிறது. அடுத்து, 1819 படத்துக்கும் தரங்கம்பாடிப் படத்துக்கும் மேல் திருத்திய கொடியை ஒட்டுவில்லையாக அச்சிட்டு ஒட்டுங்கள், ஒருநாள் வேலை. மற்றவற்றுக்கு அடுத்த ஆண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை, திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்று நான்கு மொழிகளிலும் ஓர் அறிவிப்பு வையுங்கள். தொண்டூழியர்கள் அதைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள்.

அச்சுக்குப் போகும் ஒவ்வொரு கொடிக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஆண்டு, கடலா கரையா, கும்பினியா அரசா. விடையைக் கொடிக்குக் கீழே சிறு எழுத்தில் போடுங்கள். படத்துக்கும் விடைக்கும் பொருந்தாவிட்டால் அது உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும். ஒரு பிள்ளை கை தூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பகுதியை அச்சுக்கு முன் படித்துத் தர நாங்கள் ஆயத்தம். கட்டணம் வேண்டாம், கோப்பை ஒரு வாரம் முன்னதாக அனுப்பினால் போதும்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன் பள்ளிக்குழுக்கள் மறுபடி வரத் தொடங்கும். அதற்குள் அந்த இரண்டு வில்லைகளையாவது ஒட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொடி வரலாற்றில் அக்கறையுள்ள தமிழ் வாசகர்கள்
சிங்கப்பூர்